பார்வையில்லாத நாய்க்கு அறுவை சிகிச்சை: கோனா, காற்று வளையமா, உடுப்பா?

அறுவை சிகிச்சை முடிந்து, காயத்தை நக்கவோ சொறியவோ விடாமல் தலையைச் சுற்றிப் புனல் போல நிற்கும் பிளாஸ்டிக் கோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் நாய், கண் தெரிந்த நாயாக இருந்தால், கதவிலும் கட்டில் காலிலும் நாலைந்து முறை இடித்துக்கொண்டு ஓரிரு நாளில் சமாளித்துவிடும். பார்வையில்லாத நாயிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கூடத்தின் நடுவில் இறக்கிவிட்ட இடத்திலேயே அசையாமல் நின்றுவிடும். இல்லையென்றால் பின்னோக்கியே நடந்து ஏதாவதொரு மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். அந்தக் கோலத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கோனைக் கழற்றிவிட்டு, சற்று நேரத்தில் தையல் பிரிந்த நாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி மருத்துவரிடம் ஓடியவர்கள் பலர். துணிக்கோன், காற்று வளையம், உடுப்பு என்று கடைகளில் இத்தனை மாற்றுகள் கிடைக்கும்போது கண் தெரியாத நாய்க்கு எதை வாங்குவது என்று தடுமாறுகிறவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

எங்கள் வீட்டுப் பஞ்சு, தெருவில் எல்லோரும் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ். நீரிழிவு வந்து, அதன் தொடர்ச்சியாக இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஒன்பது வயதுக்குள் பார்வை முழுதும் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. முதலாவது, மடியில் வந்த கட்டியை அகற்றியது. இரண்டாவது, அழுத்தம் ஏறி வலியெடுத்த வலது கண்ணையே எடுத்தது. முதல் முறை கோன் இல்லாமலேயே பெரும்பாலும் சமாளித்தோம். இரண்டாம் முறை கோனைத் தவிர வேறு எதுவும் உதவவில்லை. ஒரே நாய்க்கு இரண்டு விடைகள் வந்ததற்குக் காரணம் நாய் அன்று, காயம் இருந்த இடம்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் காயத்தின் இடம். வாய் எட்டுகிற இடமா, பின்னங்கால் நகம் எட்டுகிற இடமா, தரையிலோ சோபாவிலோ தேய்க்கக்கூடிய இடமா என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வயிற்றுத் தையலுக்கு முதல் ஆபத்து நாக்கு. கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து காலும் தரையும். நாக்கைத் தடுக்கும் கருவி காலைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது அளவுகோல் பார்வையில்லாத நாய்க்கு மட்டுமே உரியது. விற்பனைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் குறிப்புகளில் அதைத் தேடினால் கிடைக்காது. இந்த நாய்கள் மீசையாலும் காதாலும் மூக்காலும் உள்ளங்காலாலும் வீட்டை அறிந்து வைத்திருக்கின்றன. மீசை முடியின் வேரில் நரம்புகள் செறிந்திருப்பதால், சுவரைத் தொடுவதற்கு முன்பே காற்றின் அசைவை வைத்து அதன் அருகாமையை உணர முடிகிறது. எந்தக் கருவியைப் பூட்டினாலும் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ நாம் பறித்துக்கொள்கிறோம். எது வசதி என்று கேட்பதைவிட, காயத்தைக் காத்துக்கொண்டே இந்த நான்கில் எத்தனையை மிச்சம் வைக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

மற்றவை எல்லா நாய்க்கும் பொதுவானவை: மூக்கின் நீளம், கழுத்தின் வாகு, நம் ஊர் வெக்கை, துவைத்துக் காயவைக்கும் வசதி, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா என்பது. எந்தக் கருவியாக இருந்தாலும் தோல் தையலுக்கு 10 முதல் 14 நாள் வரை அது தேவைப்படும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்குத் தாங்கும் ஏற்பாடு பன்னிரண்டு நாளுக்குத் தாங்காது; காயம் ஆறத் தொடங்கும்போதுதான் அரிப்பும் கூடும்.

## கெட்டிப் பிளாஸ்டிக் கோன்

காவல் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. முகத்தை நகத்திலிருந்தும் உடலை வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் காப்பது இது மட்டுமே. கண் அறுவை சிகிச்சை, காது, தலை, பாதம், வால் ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் இதையே மாட்டி அனுப்புவதற்கு இதுதான் காரணம்.

பார்வையில்லாத நாயிடம் இது கேட்கும் விலையும் பெரிது. மீசை முழுவதும் உள்ளே போய்விடுகிறது. மூக்கைத் தரையில் வைக்க முடிவதில்லை. முன்னாலிருந்து வரும் ஓசை குவிந்து பெரிதாகக் கேட்கிறது, பின்னாலிருந்து வருவது மங்கிப்போகிறது. அதனால் கூப்பிட்ட திசை தெரியாமல் நாய் திகைக்கிறது. கண்ணை எடுத்து வந்த முதல் நாள் மாலை, அடுப்படியில் குக்கர் விசில் அடித்தபோது பஞ்சு சுவரைப் பார்த்துக் குரைத்தது. அடுப்படி இருந்தது அதன் முதுகுக்குப் பின்னால். அதைவிடத் தொல்லை கொடுத்தது வாசல் நிலைப்படி. கோனின் கீழ் விளிம்பு படியில் முட்டியதும், அங்கே சுவர் முளைத்துவிட்டது என்று பஞ்சு முடிவு செய்துகொண்டது. ஆறு வருடமாகத் தாண்டிய படியருகே அடுத்த இரண்டு நாள் போகவே இல்லை. சிறுநீர் கழிக்க ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டுதான் போனோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதிதாகத் தையல் போட்ட முகத்தோடு நேராகப் போய்ச் சுவரில் மோதக்கூடிய நாய்க்கு, அந்த மோதலை முதலில் வாங்கிக்கொள்வது கோனின் விளிம்புதான். மூன்றாம் நாளிலிருந்து பஞ்சு அதைக் கைத்தடி மாதிரி பயன்படுத்தத் தொடங்கியது: விளிம்பால் சுவரைத் தட்டி, தட்டிய ஓசையைக் கேட்டு, ஒரு எட்டு விலகி நடந்தது. கண் தெரியாத நாய்க்குக் கோன் கொடுமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களோடு அன்றிலிருந்து எனக்கு உடன்பாடில்லை.

வாங்கும்போது அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கழுத்துப் பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். விளிம்பு அந்த அளவுக்குமேல் நீண்டால் பார்வையில்லாத நாய்க்கு வீண் பாரம், குறைந்தால் நாக்கு எட்டிவிடும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து விளிம்பைச் சுற்றித் தைத்துவிட்டோம்; சுவரில் உரசும்போது எழும் பிளாஸ்டிக் கரகரப்பு பாதியாகக் குறைந்தது, நாயின் பதற்றமும் அதோடு குறைந்தது. வெளிச்சம் நிழல் மட்டும் தெரிகிற நாயாக இருந்தால் கண்ணாடி போன்ற ஒளிபுகும் கோனையே வாங்குங்கள், கீறல் விழுந்து மங்கிய பழைய கோனை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. பார்வையில்லாத நாய்க்குக் கோன் மாட்டினால் முதல் மூன்று நாள் வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். விடுப்புக் கணக்கை அறுவை சிகிச்சைத் தேதிக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

## துணிக்கோன்

பார்ப்பதற்கு இதமாக இருக்கும், நாய் தூங்கும்போது தலையணை போல மடங்கிக்கொடுக்கும், இடித்தால் ஓசை எழாது. பார்வையில்லாத நாய்க்கு இதுவே சரியான நடுவழி என்று நானும் முதலில் நம்பினேன். மடங்கிக்கொடுப்பதுதான் இதன் குறையும். தரையில் தலையை அழுத்தித் தேய்த்தால் துணி வளைந்து காயத்தின் மேலேயே உரசும். ஆகவே கண் சிகிச்சைக்கு இது ஒத்துவராது. பிடிவாதமுள்ள நாய் விளிம்பைப் பின்னுக்குத் தள்ளி வயிற்றையும் நக்கிவிடும்.

மீசையையும் மூக்கையும் இதுவும் மறைக்கிறது, வெளிச்சத்தையும் சேர்த்து மறைக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் விளிம்பு தொங்கி ஊறும். பால் சோறு பட்ட துணியை ஒரு இரவு விட்டால் விடியும்போது எறும்பு வரிசை கட்டியிருக்கும். முதுகிலோ விலாவிலோ சிறு காயம், அமைதியான சுபாவம், துவைத்து மாற்ற இரண்டு கோன்கள் என்ற நிலை இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற இடங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## காற்று வளையம்

கழுத்தைச் சுற்றி ஊதிய டியூப் போல இருப்பது. பார்வையில்லாத நாயின் புலன்கள் என்ற அளவுகோலில் கோன் வகைகளைவிட இது எங்கோ முன்னால் நிற்கிறது. மீசை வெளியே இருக்கிறது, மூக்கு தரையைத் தொடுகிறது, காது திறந்திருக்கிறது. மாட்டிய ஐந்தாவது நிமிடத்தில் நாய் வீட்டைச் சுற்றி வரும்.

ஆனால் காவல் என்ற அளவுகோலில் இது பலவீனமானது. எவ்வளவு பலவீனம் என்பது நாயின் உடல்வாகைப் பொறுத்தது. கழுத்துக் குட்டையாகவும் மூக்குச் சப்பையாகவும் உள்ள பக், ஷிட்சு போன்றவற்றின் வாயை இது ஓரளவு கட்டுப்படுத்தும். சிப்பிப்பாறை, கன்னி, தாஷண்ட் போல நீண்ட மூக்கோ நீண்ட உடலோ உள்ள நாய் வளையத்தைத் தாண்டி வளைந்து பின்னங்காலையும் அடிவயிற்றையும் எட்டிவிடும். மடிக்கட்டி எடுத்த நான்காம் நாள் பஞ்சுவுக்கு இந்த வளையத்தை மாட்டிவிட்டு, உள்ளறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கடைசித் தையல் இரண்டும் ஈரமாக இருந்தன, ஒன்றின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது.

முகத்துக் காயத்துக்கு இது எந்தக் காவலும் தராது. கால் நகம் கண்ணை எட்டுவதை இது தடுப்பதில்லை. கழுத்தை அழுத்தினால் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறும் என்பதால், கண் அழுத்த நோயுள்ள நாய்க்கு இறுக்கமான வளையத்தையும் தவிர்க்க வேண்டும், கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுப்பதையும் தவிர்க்க வேண்டும். மார்பைச் சுற்றிப் பூட்டும் வார்ப்பட்டையில் கயிற்றை மாட்டுங்கள்.

## உடுப்பு

கழுத்திலிருந்து வால் வரை உடலைப் பொதிந்து, பின்னால் பொத்தானிட்டு மூடும் பருத்தி உடுப்பு. அடிவயிறு, மார்பு, விலா, முதுகு ஆகிய இடங்களில் காயம் என்றால், பார்வையில்லாத நாய்க்கு என் முதல் தேர்வு இதுதான். தலையை இது தொடுவதே இல்லை. மீசை, காது, மூக்கு, பாதம் நான்கும் நாயிடமே இருக்கின்றன. வளையத்தால் தையல் அவிழ்ந்த அன்று மாலையே உடுப்புக்கு மாறினோம். பஞ்சு தண்ணீர்ப் பானைக்கும் வாசலுக்கும் வழக்கம்போல நடந்தது, அன்று இரவு குறட்டை விட்டுத் தூங்கியது.

இதன் செலவுகள் பிறகுதான் தெரியவரும். ஒன்று போதாது, மூன்று வேண்டும்: உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, மழை பெய்தால் கைவசம் ஒன்று. சிறுநீர் கழிக்க வெளியே போகும் ஒவ்வொரு முறையும் பின்பொத்தானை அவிழ்த்து மடித்துக் கட்ட வேண்டும். மறந்தால் நனைந்த துணி தையலின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் நாய்க்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. சித்திரை வெயிலில் அடர்ந்த மயிருள்ள நாய் இதற்குள் புழுங்கும். மின்விசிறிக்கு அடியில் படுக்கையைப் போட வேண்டும். துணியின் மேலிருந்தே விடாமல் நக்கி ஈரமாக்கும் நாய்களும் உண்டு. அவற்றிடம் உடுப்பு தோற்றுவிடும். மூடியிருப்பதால் காயம் கண்ணில் படாது என்பதால், காலையும் மாலையும் திறந்து பார்ப்பதைக் கடமையாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது வீக்கமோ சீழோ நாற்றமோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பழைய பனியனை மாட்டி முதுகில் முடிச்சுப் போடுவது கடைசி நேரத்துக்கு உதவும். முடிச்சு அவிழாமல் ஓர் இரவு நின்றால் பெரிது.

## காலுறை, கட்டு, ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’

பாதத்துக் காயத்துக்குக் கட்டின் மேல் காலுறை மாட்டுவது வழக்கம். பார்வையில்லாத நாய் மொசைக் தரை எங்கே முடிகிறது, கால்மிதி எங்கே தொடங்குகிறது என்பதைப் பாதத்தால் அறிவதால், காயமில்லாத பாதங்களுக்கும் சேர்த்து அழகுக்காக மாட்டிவிடாதீர்கள். காலுறையின் வாய்ப்பகுதியை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டவே கூடாது. இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் வீங்கிவிடும்.

கருவியே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்பவர்களின் அன்பில் ஐயமில்லை, இரவு இரண்டு மணிக்கு அவர்களுடைய விழிப்பில்தான் ஐயம். சாப்பாட்டு நேரத்தில் மருத்துவரின் அனுமதியோடு கோனைக் கழற்றி, கையை நாயின் மேலேயே வைத்துக்கொண்டு, முடிந்ததும் மாட்டிவிடுவது வேறு. நாள் முழுக்கக் காவல் இருப்பது வேறு. கண் சிகிச்சையில் அந்தச் சாப்பாட்டு நேரச் சலுகையையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் தையல் போட்ட காயத்துக்குப் பொருந்தாது. நாக்கின் சொரசொரப்பு தையலை இழுக்கும், வாயின் கிருமி உள்ளே போகும்.

## காயத்தின் இடப்படி நான் எடுக்கும் முடிவு

| காயம் இருக்கும் இடம் | முதல் தேர்வு | மாற்று | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| கண், காது, தலை | கெட்டிக் கோன் | இல்லை | காற்று வளையம், துணிக்கோன் |
| அடிவயிறு, மடி, மார்பு | உடுப்பு | கெட்டிக் கோன், இரவில் மட்டுமாவது | நீள மூக்கு நாய்க்குக் காற்று வளையம் |
| முதுகு, விலா | உடுப்பு | துணிக்கோன்; குட்டை மூக்கு நாய்க்குக் காற்று வளையம் | கண்காணிப்பு மட்டும் |
| பாதம், கால், வால் | கெட்டிக் கோன் | கட்டும் காலுறையும், ஆள் இருக்கும்போது | காற்று வளையம் |
| கழுத்து | மருத்துவர் சொல்வது | பின்னங்காலுக்கு மட்டும் காலுறை | கழுத்தில் பூட்டும் எதுவும் |

பார்வையில்லாத நாய்களுக்கென்று, தலைக்கு முன்னால் வளைந்து நீண்டு சுவரை முதலில் தொடும் முட்டுவளையம் ஒன்றும் விற்கிறது. நடைக்கு அது நல்ல துணை. நக்குவதையோ சொறிவதையோ அது தடுக்காது என்பதால் அதைக் கோனுக்கு மாற்றாக எண்ணி வாங்க வேண்டாம்.

## கோன்தான் என்று முடிவானால்

அறுவை சிகிச்சைக்கு நாலைந்து நாள் அவகாசம் இருந்தால், கோனை அன்றே வாங்கி வந்து பழக்கத் தொடங்குங்கள். முதல் நாள் அதைத் தரையில் வைத்து, உள்ளே வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைப் போட்டு, நாயே தலையை நுழைத்து எடுக்கட்டும். அடுத்த நாள் இரண்டு நிமிடம் கழுத்தில், அதற்கடுத்த நாள் பத்து நிமிடம். பிறகு கோனோடு நிலைப்படியருகே கூட்டிப்போய், ‘படி’ என்று சொல்லிக்கொண்டே விளிம்பைக் கையால் சற்று உயர்த்திக் கடக்கவையுங்கள். கண்ணை எடுக்கும் முடிவு எங்களுக்கு ஒரே நாளில் வந்ததால் இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாள் முடக்கம் அதனால் வந்ததுதான்.

வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றக் கூடாது என்பது பார்வையில்லாத நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பாடம். கோன் காலத்தில் அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நாய் இப்போது இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலம் கூடிவிட்டது. ஆகவே அது நடக்கும் தடத்தில் இருக்கும் முக்காலி, செருப்பு, தண்ணீர்க் குடம் ஆகியவற்றை மட்டும் சுவரோரம் தள்ளி, பன்னிரண்டு நாளும் அங்கேயே விட்டுவிடுங்கள். மாடிப்படியைப் பலகை வைத்து அடையுங்கள். மயக்க மருந்தின் தள்ளாட்டம் முதல் நாள் முழுக்க இருக்கலாம் என்பதால் கட்டிலிலோ சோபாவிலோ படுக்கவைக்காதீர்கள். படுக்கையிலிருந்து வாசல் வரை கோணிச் சாக்கை நீளமாக விரித்துப் போட்டால், மீசை இழந்த வழியைப் பாதம் கண்டுபிடித்துக்கொள்ளும்.

தண்ணீரைக் கவனியுங்கள். கோனின் விளிம்பு எவர்சில்வர் கிண்ணத்தில் மோதி எழுப்பும் ஓசைக்குப் பயந்து, குடிக்காமலேயே இருந்துவிடும் நாய்கள் உண்டு. கோனின் வாயைவிடச் சிறிய, கனமான மண்சட்டியைச் செங்கல்லின் மேல் வைத்தால், கோன் அதைச் சுற்றி இறங்கும், நாக்கு தண்ணீரைத் தொடும். முதல் நாளில் கையால் ஊட்டுவதில் தவறில்லை. பஞ்சு போல இன்சுலின் போட்டுக்கொள்ளும் நாயாக இருந்தால் இது விருப்பத்தின் பாற்பட்டதே அன்று: கோனின் கலக்கத்தில் நாய் சாப்பிடாமல் இருக்கும்போது வழக்கமான அளவு ஊசியைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஒரு வேளை சாப்பிடவில்லையென்றாலும் ஊசிக்கு முன் மருத்துவரை அழையுங்கள். வலியில் முனகுகிறது என்று நம் பெட்டியிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாம்.

தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லி, அதுவும் முகத்துக்கு நேராக வந்து சொல்லி, பிறகு கையை வையுங்கள். கோனுக்குள் இருக்கும் காதுக்கு நம் காலடி ஓசை பழைய மாதிரி கேட்பதில்லை; திடுக்கிட்டுக் கடித்தால் அது நாயின் குற்றமில்லை. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் பிள்ளைகளுக்கும் இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தையல் பிரித்த அன்று கோனைக் கழற்றினாலும், சாக்கு விரிப்பையும் செங்கல் மேல் வைத்த சட்டியையும் உடனே எடுத்துவிடாதீர்கள். பஞ்சு அதற்குப் பிறகும் மூன்று நாள், கழுத்தில் இல்லாத கோனுக்கு இடம் விட்டு, கதவோரத்தில் ஒரு சாண் விலகியே நடந்தது. நான்காம் நாள் காலை மூக்கைத் தரையில் வைத்து நிலைப்படி முழுவதையும் மோந்துவிட்டு, தானாகவே தாண்டி வாசலுக்குப் போனது. அதன் பிறகுதான் சாக்கைச் சுருட்டினோம்.